வைவாவுக்கு வந்த வெல்லக்காரர்

நொய்யலில் தண்ணீர் வந்து, ஆத்துப்பாலத்துக்குக் கீழே யாருடையது என்று தெரியாத ஒரு கயிற்றுக் கட்டில் மிதந்து போனதை ஊரே நின்று பார்த்ததே, அந்த மழை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கட்டிலின் மேல் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. கோழி இல்லை, பூனை என்று என் சம்பந்தி இன்றைக்கும் சண்டைக்கு வருவார். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்தக் கட்டில் போனதற்கு மறுநாள், சனிக்கிழமை காலையில், எங்கள் காலேஜில் நடந்தது.

இந்த வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் ஏழெட்டுப் பேர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தை எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். எழுதுவதற்கு நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிக்கொள்ளட்டும், மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். பெல் அடிப்பது, சாக்பீஸ் எடுத்து வைப்பது, சுற்றறிக்கை கொண்டு போவது இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன்.

நான் கணித டிபார்ட்மெண்டில் முப்பத்து நாலு வருடம் அட்டெண்டர். கணிதம் என்றால் வட்டிக் கணக்கு, நிலக் கணக்கு என்றுதான் சேரும்போது நினைத்தேன். அங்கே இருந்தவர்கள் ஆகாசத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த உலகம், நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து எப்படி விரிகிறது, முதலில் எப்படி இருந்திருக்கும் என்று போர்டு போர்டாக எழுதுவார்கள். சாயங்காலம் நான் அழிப்பேன். முப்பத்து நாலு வருடத்தில் எத்தனை ஆகாசத்தை அழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கோகிலா மேடம் அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். ஊர் கிணத்துக்கடவு. பொள்ளாச்சி பஸ்ஸில் தினமும் வந்து போவார். மே மாதம் வேலையை விட்டு நிறுத்துவார்கள், ஜூன் மாதம் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இப்படியே பதினோரு வருடம். அதற்கு நடுவில்தான் அவருடைய ஆராய்ச்சி. தலைப்பை என்னிடம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார், ஏனென்றால் பைண்டிங் கடைக்காரரிடம் நான்தான் சொல்ல வேண்டும். அண்ட இழைகளும் பிசுபிசுப்புப் பாய்மமும் கொண்ட பிரபஞ்ச மாதிரிகள். கடைக்காரர் எழுதிக்கொண்டே, "ஏனுங், இதென்ன பலகாரம் சுடற புத்தகமுங்களா?" என்று கேட்டார். நான் முறைத்தேன். ஆனால் எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

வைவா என்றால் என்ன என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்து புத்தகம் எழுதி முடித்தவரை, வெளியூரிலிருந்து ஒரு புரொபசர் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். எல்லார் முன்னாலும் என்பதுதான் முக்கியம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேட்கலாம். வந்தவர்கள் ஒரு தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது கையெழுத்தாவது வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சபையிலிருந்து ஒருவராவது கேட்ட கேள்வியையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

அந்த இருபது பேரைச் சேர்ப்பது யார் வேலை என்று எந்தத் தாளிலும் இருக்காது. அது அட்டெண்டர் வேலை.

அதில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, என் பெரிய மகன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். ஒரு பையனுடைய வைவாவில் ஆறு கையெழுத்து குறைந்துபோயிற்று. அப்போதிருந்த புரொபசர், "எப்படியாச்சும் சரி பண்ணிருப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆனால் ஆசிரியர்கள் அறையில் தபால் போடுகிற மரப்பெட்டியில் கட்டத்துக்கு ஒரு பெயர் ஒட்டியிருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி, ஆறு பெயரைப் பார்த்து வரைந்தேன். மூன்று பேனா மாற்றினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் வரைந்த ஆறு பேரில் ஒருவர் வைவாவுக்கு நாற்பது நாள் முன்னாலேயே காலமாகியிருந்தார். தபால் பெட்டியிலிருந்து அவர் பெயரைக் கிழித்திருக்க வேண்டிய ஆளும் நான்தான்.

புரொபசருக்கு மெமோ. வைவா செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பையன் ஐந்து மாதம் காத்திருந்து மறுபடி நின்று பதில் சொன்னான். அதற்குள் அவன் குறி வைத்திருந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. என்னிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலமானவருடைய சம்சாரத்தை ஆர்.எஸ்.புரத்தில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அட விடுங் சின்னச்சாமி. உசுரோட இருக்கறப்பவே ஒரு மீட்டிங்குக்குப் போகாத மனுசன். நீங்களாச்சும் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அந்தப் பையனுடைய முகம்தான் இன்னும் தெரிகிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்தரைக்குக் கோகிலா மேடத்தின் வைவா. திங்கட்கிழமை எங்கள் காலேஜிலேயே ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்முகத் தேர்வு. பதினோரு வருடத்தில் வந்த முதல் இடம். வைவா முடிந்தது என்கிற கடிதம் கையில் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். கேள்வி கேட்கிறவர் வடக்கே தூரத்திலிருந்து முதல் நாளே வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கிவிட்டார். நாலு மணி விமானத்தில் திரும்புகிறார். மழை வெள்ளிக்கிழமையிலிருந்தே விடவில்லை. காலை ஏழு மணிக்குக் கலெக்டர் லீவு விட்டுவிட்டார். லங்கா கார்னர் பாலத்துக்கடியில் பஸ்ஸே முங்குகிற அளவுக்குத் தண்ணீர் என்று சொன்னார்கள். வருகிறேன் என்றிருந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராக போன் போட்டு வர முடியவில்லை என்றார்கள். வீட்டிலிருந்தபடியே போனில் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. அதோடு அதுவும் போயிற்று.

நான் காலேஜுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்ததால் வந்துவிட்டேன். கோகிலா மேடம் உக்கடத்தில் பஸ் நின்றுபோய் அங்கிருந்து நடந்து வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. புத்தகத்தை இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"முழுசா நனஞ்சுபோட்டீங்களே அம்மணி."

"நான் காஞ்சுக்குவேனுங்கண்ணா. இது காயாது. எத்தன பேரு வந்திருக்காங்க?"

நான் துண்டு எடுக்கப் போனேன்.

வடக்கத்திப் புரொபசர் பத்தேகாலுக்கே வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மெலிந்த ஆள், வெள்ளை மீசை, மடியில் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். அத்தனையும் கேள்வி. காலியாகக் கிடந்த நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்து, எங்கள் புரொபசரிடம் ஏதோ சொன்னார். எங்கள் புரொபசர்தான் கோகிலா மேடத்துக்கு வழிகாட்டி. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

"சின்னச்சாமி, எத்தனை பேர் இருக்கோம்?"

"நம்மளச் சேத்தி நாலு பேருங் சார்."

"சபை இல்லாம வைவா நடத்த மாட்டேங்கறாரு. அவர் சொல்றதும் நியாயந்தான். மறுபடி தேதி வாங்க மூணு மாசம் ஆகும்."

"திங்கக்கெழமைங் சார்?"

அவர் மழையைப் பார்த்தார். கையில் அந்தக் கையெழுத்துத் தாள் இருந்தது. "எல்லாரும் வந்துட்டு மழைக்குப் பயந்து சீக்கிரம் கெளம்பிட்டாங்கன்னு... அவர டீ குடிக்கக் கூட்டிட்டுப் போறேன். நீ இந்தத் தாள..." என்று என் பக்கம் நீட்டினார். அவ்வளவு வருடத்தில் என்னை ஒரு தப்பும் செய்யச் சொல்லாத மனிதர். அன்றைக்கும் அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

தாளை வாங்கினேன். என் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டது. இப்போது எனக்கு இங்கிலீஷில் நாற்பது பெயர் வரைய வரும். இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல மனிதர் ஒருவர், நல்ல பெண் ஒருத்திக்காக, தப்பான ஒன்றைக் கேட்கும்போது மறுக்கிறது ரொம்பக் கஷ்டம். நான் மறுக்கவில்லை. நேரம் கேட்டேன்.

"அரை மணி நேரம் குடுங் சார். ஆளையே கூட்டியாரேன்."

"இந்த மழையில எங்கிருந்துப்பா?"

"எங்கிருந்தாச்சும்."

"கணக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணுமே. சும்மா யாரையாவது உக்கார வச்சா அவர் நம்மள என்ன நெனைப்பாரு?"

"நோட்டீஸ்ல யாரு வேணா வரலாம்னுதானுங் போட்டிருக்குது. நீங்கதானுங் எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க."

போகாதே என்று அவர் சொல்லவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் ஹாஸ்டல் மெஸ். மாஸ்டர் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன கூட்டமுங்க அது?"

"ஆகாசம் மொதல்ல எப்படி இருந்துதுன்னு கோகிலா மேடம் சொல்லப் போறாங்க."

"சாப்பாடு உண்டுங்களா?"

"சாப்பாடு போடறதே நீங்கதான மாஸ்டர். அடுப்பச் சிம்முல வச்சுப்போட்டு வாங்க."

அவரும் அவர் ஆட்கள் நாலு பேரும் கிளம்பினார்கள். ஊருக்குப் போக முடியாமல் ஹாஸ்டலில் தங்கிவிட்ட கணிதப் பிள்ளைகள் ஐந்து பேர் ஜன்னல் வழியாக மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்தேன். பெருக்குகிற மயிலாத்தா கையை உதறினாள்.

"எனக்குக் கையெழுத்து வராதுங்களே."

"கைநாட்டு வெச்சாப் போதும்."

"ஆகாசத்துக்கு என்ற கைநாட்டா?" என்று சிரித்துக்கொண்டே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் எட்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே வந்தால் நாற்காலியும் டீயும் உண்டு என்றேன். டீ என்றதும் வந்தார்கள். வாட்ச்மேன் வந்தார். எண்ணிப் பார்த்தால் இருபது. அப்புறம்தான் மெஸ் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்ற மினி வேனைப் பார்த்தேன். உள்ளே பொன்னுசாமி உட்கார்ந்திருந்தார். கொடுமுடிப் பக்கம் சொந்தமாக ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். மாதம் ஒரு தரம் மெஸ்ஸுக்கு வெல்லம் கொண்டுவருவார். எதற்கும் இருக்கட்டும், ஒருவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று அவரையும் கூப்பிட்டேன்.

"நானெப்படிங் வாரது? தண்ணி பட்டா மூட்டையே ஒழுகிப்போயிருமுங். தார்ப்பாய் பறந்தா ஆரு பாக்கறது?"

"ஹால் ஜன்னலுக்கு நேரா வண்டியக் கொண்டாந்து நிறுத்துங். ஒரு கண்ணு வண்டி மேல, ஒரு கண்ணு மேடம் மேல."

அவர் யோசித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஹாலுக்குள் வந்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்தில் நான் நின்றேன்.

ஈர லுங்கியும், மாவு ஒட்டின கையும், பஸ்ஸுக்கு வந்தவர்களின் பைகளுமாக ஹால் நிறைந்தது. வடக்கத்திப் புரொபசர் எழுந்து திரும்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எங்கள் புரொபசர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "இவங்கள்லாம் யாருன்னு கேக்கறாரு."

அவர் குரலிலேயே தெரிந்தது, ஊழியர்கள் என்று சொல்லிவிடு என்று. பாதி உண்மையும்கூட. ஆனால் பாதி உண்மைக்கு அப்புறம் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் இருக்காது.

"மெஸ்ஸுல சமைக்கறவங்க, மழைக்கு ஒதுங்குனவங்க, வெல்லம் கொண்டாந்தவருன்னு சொல்லுங் சார். அந்த அஞ்சு புள்ளைங்களத் தவிர ஆருக்கும் கணக்குத் தெரியாதுன்னும் சொல்லிருங்."

எங்கள் புரொபசர் அப்படியே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரி பேசினார்.

"ஆரம்பிக்கலாம்ங்கறாரு. ஆனா முதல் பத்து நிமிஷம் இவங்களுக்குப் புரியற மாதிரி இவங்க பாஷையில சொல்லணுமாம். வந்தவங்கள மதிக்கணும்ங்கறாரு."

கோகிலா மேடம் திகைத்துப்போனார். திரையில் காட்டுவதற்கு வாரக் கணக்கில் தயார் செய்தது எல்லாம் இங்கிலீஷ். கரண்டும் இல்லை. நான் ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, போர்டைப் பார்த்து நின்றார். எழுதவில்லை. திரும்பி மயிலாத்தாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஆதியில எல்லாமே ஒரே கொதியாக் கெடந்துதுங்க்கா. அது விரிய விரிய ஆறுச்சு. ஆறும்போது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி படியல. இந்தப் பக்கம் ஒரு தெசையில, அந்தப் பக்கம் வேற தெசையில. ரெண்டும் வந்து முட்டற எடத்துல சேராம ஒரு கோடு நின்னுபோச்சு. முடிய விட மெல்லிசு, மலைய விடக் கனம். அதத்தான் அண்ட இழைங்கறாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா அம்மணி?" என்றாள் மயிலாத்தா.

"இல்லீங்க்கா. இதுவரைக்கும் ஆரும் பாத்ததில்ல. இருந்திருக்கலாம்னு கணக்கு சொல்லுது."

"பாக்காததுக்கா இத்தன வருசம்?"

"ஆமாங்க்கா" என்று மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பயம் விட்டுப்போயிற்று. அப்புறம் பிசுபிசுப்பைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் மாதிரி இல்லாமல் எண்ணெய் மாதிரி, பாகு மாதிரி இருக்கிற பொருள் விரிவதற்குச் சட்டென்று இணங்காது, இழுத்துப் பிடிக்கும், அந்த இழுப்பிலேயே சூடு பிறக்கும். ஆதிகாலத்து அண்டத்தில் அந்த மாதிரிப் பிசுபிசுப்பும் இருந்து, அதற்குள் இந்த இழைகளும் ஓடினால், அண்டம் எப்படி விரியும்? அதைத்தான் ஆறு வருடமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் போர்டு அழித்த எனக்கே அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் இங்கிலீஷில் ஒரு மணி நேரம். வடக்கத்திப் புரொபசர் மஞ்சள் சீட்டை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கேட்டார், மேடம் போர்டில் எழுதிப் பதில் சொன்னார். மாஸ்டர் நடுவில் இரண்டு தரம் போய்ச் சாம்பாரைப் பார்த்துவிட்டு வந்தார். பஸ் ஸ்டாப் ஆட்களில் ஒருவர் குறட்டை விட்டார், பக்கத்து ஆள் அவரைக் கிள்ளினார். எழுந்து போனவர் யாரும் இல்லை. கடைசியில் எங்கள் புரொபசர் எழுந்து, சபையில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்.

ஐந்து பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். தங்கள் ஆசிரியையிடம் வைவாவில் கேள்வி கேட்டு, அவருக்குப் பதில் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று பயம். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கேள்வியாவது இல்லாமல் அறிக்கை முடியாது. எங்கள் புரொபசர் என்னைப் பார்த்தார்.

அப்போது பொன்னுசாமி என் பக்கம் சாய்ந்து, "ஏனுங், நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் கை அவர் தோளில் போய் அமுக்கியது. வண்டியை எப்போது எடுக்கலாம் என்று கேட்கப் போகிறார், எல்லாம் கேலியாகிவிடும், மேடத்தின் பதினோரு வருடம் இந்த ஒரு வாயில் போய்விடும் என்று நினைத்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று புரொபசரிடம் வாதாடிக் கூட்டி வந்தவன் நான். அவர் வாயைத் திறந்ததும் அமுக்கினவனும் நான்தான். அவர் என் கையைப் பார்த்தார். கோபப்படவில்லை. "வேண்டாமுங்களா, செரிங்" என்று பின்னால் சாய்ந்தார். அந்தச் 'செரிங்' எனக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டு, "கேளுங்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாங்க வெல்லம் காச்சறவங்கோ. கொப்பரையில இருந்து பாகை எறக்கி மரத்தொட்டியில ஊத்தி ஆத்துவோமுங். அப்பக் கிண்டிக்கிட்டே இருக்கோணும். உட்டுட்டா அங்கங்க தனித்தனியாக் கட்ட ஆரம்பிக்கும். ரெண்டு கட்டும் முட்டற எடத்துல, அம்மணி சொன்ன மாதிரியே, ஒரு கோடு உழுகும். பாகு எளக்கமா இருந்தா அந்தக் கோடு சித்த நேரத்துல தானா மறஞ்சுபோகும். ஆற ஆறக் கெட்டிப்பட்டுப் போச்சுன்னா மறையறதேயில்ல, அப்படியே நின்னுபோகும். உங்குளுதுல எப்படீங்? அந்தக் கோடு நிக்குதா, மறையுதா?"

அந்த ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். எங்கள் புரொபசர் வாய் லேசாகத் திறந்திருந்தது. வடக்கத்திப் புரொபசர் அவர் சட்டையைத் தொட்டு, என்ன கேட்கிறார் என்று கேட்டார். சொன்னதும், உட்கார்ந்திருந்த நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கோகிலா மேடம் திரும்பினார். போர்டில் தான் எழுதினதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிசுபிசுப்பு எப்பவும் ஒரே மாதிரி இருக்குதுன்னு வெச்சுப் போட்டிருக்கறனுங். அப்ப காலம் போகப் போகக் கோடு இல்லாமப் போயிருது. அண்டம் விரிஞ்சு அடர்த்தி கொறையக் கொறையப் பிசுபிசுப்பும் கொறையுதுன்னு வெச்சும் போட்டிருக்கறன். அப்பவும் போயிருது. நீங்க சொல்றது அதுக்கு நேர் தலகீழுங். ஆற ஆறக் கெட்டியாகறது. அத நான் போட்டுப் பாக்கல. அப்ப நிக்குமா மறையுமான்னு எனக்குத் தெரியாதுங்."

எங்கள் புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். வைவாவில் தெரியாது என்று சொல்வது எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். சுற்றி வளைத்து எதையாவது சொல்லித் தப்பித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் தமிழில் சொன்ன பதில். இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும்போது அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் வடக்கத்திப் புரொபசருக்குத் தெரியவே போவதில்லை. அவர் என்ன பதில் என்று கேட்டார். மேடம் இங்கிலீஷில் சொன்னார். முடிவில் 'ஐ டோண்ட் நோ' என்று வந்தது. பிள்ளைகள் வகுப்பில் தினமும் சொல்வதால் எனக்கு இங்கிலீஷில் நன்றாகத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான்.

பொன்னுசாமி தலையாட்டினார். "எங்க ஆலையிலயும் அது எப்ப நிக்கும், எப்ப மறையும்னு ஆருக்கும் நிச்சயமாத் தெரியாதுங். படிச்சவங்குளுக்குத் தெரியுமாக்கும்னு கேட்டனுங்."

முதலில் மாஸ்டர் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. எங்கள் புரொபசர் மொழிபெயர்த்ததும் கடைசியாக அந்த வடக்கத்திக்காரர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மீதியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கேட்க வைத்திருந்த கடைசிக் கேள்வியும் அதுதானாம். கெட்டிப்படுகிற விதத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்க இருந்தாராம். மழுப்பினால் அதையே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் குடைவது அவர் பழக்கம் என்று பின்னால் எங்கள் புரொபசர் சொன்னார்.

அங்கேயே மேசையில் வைத்து அறிக்கை எழுதினார்கள். சபையின் கேள்வி என்கிற இடம் வந்ததும் எங்கள் புரொபசர் தலை நிமிர்ந்தார்.

"உங்க பேரு, தொழில் சொல்லுங்க."

"பொன்னுசாமிங். வெல்லம்."

அப்படியே எழுதினார். கையெழுத்துத் தாளில் இருபத்தோரு பேர். அதில் மூன்று கைநாட்டு. அத்தனையும் உயிரோடு இருக்கிற ஆட்கள். வடக்கத்திப் புரொபசர் எழுந்து, கோகிலா மேடத்துக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று வாசித்ததும், விஷயம் முழுதாகப் புரியாதவர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள். மேடம் நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வேனிலிருந்து வெல்லத்தை மெஸ்ஸுக்கு இறக்கிப் போட்டார்கள். பொன்னுசாமி ஒரு பெரிய கட்டியை எடுத்து வடக்கத்திப் புரொபசரிடம் காட்டி, நடுவில் ஓடின ஒரு வெளிர் கோட்டை விரலால் தொட்டு, "இதானுங் அது" என்றார். முழங்காலில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சரியாக அந்தக் கோட்டில் இரண்டாகப் பிளந்தது. அந்த மனிதர் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிரித்துச் சேர்த்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மேடம் கடிதத்தோடு உள்ளே போனார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் நிரந்தர ஆர்டர் வந்தது. அதற்கப்புறம் வெல்லம் கொண்டுவந்த பொன்னுசாமி வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே, "அம்மணிக்குக் கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்ப அந்தக் கெட்டிப்படற கணக்க எப்பப் போடுவாங்களாமுங்?" என்றார். மேடத்திடம் சொன்னேன். போட ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றார்.

இதில் நான் கெட்டிக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆளைக் கூட்டி வந்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை, குடை இருந்தால் யாரும் செய்யலாம். என் நினைவில் நிற்பது அவர் தோளில் அமுக்கின என் கைதான். அதை இன்னும் ஒரு நிமிடம் எடுக்காமல் இருந்திருந்தால், அவர் பேசாமல் எழுந்து வண்டிக்குப் போயிருப்பார். அறிக்கையில் அந்த இடம் காலியாகவே இருந்திருக்கும்.

வைவா நடக்கிற நாளில் ஹாலின் இரண்டு கதவையும் திறந்து வையுங்கள். வாசலில் தயங்கி நிற்பவர் யாராக இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீங்களும் கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களில் யாராவது ஒருவர் என்றைக்காவது அந்த ஹால் சாவியை அடுத்த ஆளிடம் ஒப்படைப்பீர்கள். அப்போது இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் சாவியைக் கொடுங்கள்.